அவன் இருக்கிற வரைக்கும் ஓடினால் போதும்

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது காரைக்கால் பக்கம் வேலையில் இருப்பதாகக் கேள்வி. இது எப்படியோ அவள் கைக்குப் போய், "என்னைப் பத்தி எழுதிட்டியாமே" என்று போன் செய்தால் பரவாயில்லை. படித்துவிட்டுப் போன் செய்யாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

நாங்கள் இரண்டு பேரும் பாண்டிச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தோம். அவள் கருவடிக்குப்பத்தில் மாடி வீடொன்றில் தனியாக இருந்தாள். நான் முதலியார்பேட்டையில் கணவர், குழந்தை என்று இருந்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் கேட்டவர்களின் வீட்டு விசேஷத்துக்கு அதற்கப்புறம் போகமாட்டாள்.

அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது ஏமாற்றினாலும், நாலு பேர் முன்னால் மட்டம் தட்டினாலும், "சரி" என்பாள். அவ்வளவுதான். மற்றவர்கள் "சரி" என்றால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவளுக்கு அதுதான் ஆரம்பம்.

எங்கள் சீஃப் டெக்னீஷியன் ஒருநாள் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் எடுத்து வைத்த ரத்தம் உறைந்துபோயிருந்தது. அதை மேசையிலேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர் அவர்தான். ஆனால் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடத்தில், "ஊசி பிடிக்கத் தெரியாததெல்லாம் வேலைக்கு வந்துடுது. இனிமே என்னைக் கேக்காம ஒரு ட்யூப் உள்ள போகக்கூடாது" என்றார். நான் அழுதேன். பக்கத்தில் நின்றிருந்த அவள், "சரி சார்" என்றாள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு ட்யூபையும் அவரிடம் கொண்டுபோனாள். மேசைக்கு, கேன்டீனுக்கு, பாத்ரூம் வாசலுக்கு. "சார், இது ஓகேவா? நீங்கதான சொன்னீங்க." முகத்தில் அப்படி ஒரு பணிவு. மழைக்காலம் முழுக்க இது நடந்தது. அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே மனிதர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துகொள்வார். கடைசியில் என்னிடம் வந்து, "அவங்ககிட்ட நீ கொஞ்சம் சொல்லக்கூடாதாம்மா" என்று கெஞ்சினார். நான் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இன்றைக்கும் நினைத்தால் பிடித்துத்தான் இருக்கிறது.

அவள் வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் அவள் தம்பியுடையது. கேம் ஆடுவதற்கென்றே அவன் ஆசையாகச் சேர்த்து வாங்கியது. அவன் ஆடும்போது இவள் பின்னால் நின்று பார்ப்பாள். ஒரு தடவை "நான் ஒண்ணு ஆடறேன்டா" என்று கேட்டதற்கு, "உனக்கு வராதுக்கா, கை வேகம் வேணும்" என்றிருக்கிறான். பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து அவன் பாரிஸுக்குப் போனபோது அந்த மெஷினை அக்காவிடம் விட்டுப்போனான். "தூசு மட்டும் தொடச்சு வை" என்றானாம்.

அவள் துடைக்கவும் செய்தாள், ஆடவும் செய்தாள். கார் பந்தயம், விமானச் சண்டை, ஆளைத் தேடிச் சுடுவது என்று அதில் இருந்த எல்லாவற்றிலும் முதல் இடங்களில் தம்பி பெயர் இருந்தது. ஒவ்வொன்றாக அந்தப் பெயரை இறக்கித் தன் பெயரை ஏற்றினாள். அவன் முதல் தடவை லீவுக்கு வந்தபோது, திரையில் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்துவிட்டு, வஞ்சிரம் குழம்பு வைக்க அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் சாப்பிடும்போது ஒன்றும் பேசவில்லை. "குழம்பு நல்லா இருந்துச்சுன்னு கூடச் சொல்லலடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

ஆக, கம்ப்யூட்டர் விளையாட்டு அவளுக்குப் பழிவாங்கத்தான் வந்தது. பிறகு அதுவே பிடித்தும் போயிற்று. வேலை விட்டு வந்து குளித்து, ஈரத்தலையோடு உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் இடி விழுந்து மெஷின் நின்றுபோனது. என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. கீழே ரிப்பேர், மேலே கேம் சென்டர். அதை நடத்தியவனுக்கு முப்பது வயது இருக்கும். மில் தொழிலாளி மகன். தானாகவே கற்றுக்கொண்டு கடை போட்டவன். மேலே ஆட வரும் காலேஜ் பையன்கள் அவனைக் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். சுடும் விளையாட்டில் அவனை ஜெயித்தவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. நான்தான் அவளை அங்கே கூட்டிப்போனேன்.

மூன்றாம் நாள் மெஷினை வாங்கிப்போனாள். அன்று சாயங்காலமே அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள். "வா" என்றாள். போனோம்.

"தம்பி, கார்டு மாறியிருக்கு" என்றாள் கடைக்காரனிடம். திரைக்குப் படம் வரைந்து அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டைத்தான் சொன்னாள்.

"எந்த கார்டும் மாறலக்கா. வைரஸ் இருந்துச்சு, க்ளீன் பண்ணேன்."

"ஆன் பண்ணதும் கறுப்புத் திரையில முதல் வரி வரும். அதுல கார்டோட மெமரி நூத்தி இருபத்தெட்டுன்னு இருக்கும். இப்ப அறுபத்தி நாலுன்னு வருது."

அந்த வரி வந்த வேகத்தில் மறைந்துவிடும். அதை யாரும் படிப்பதில்லை என்பதை நம்பித்தான் அவன் அந்தக் காரியத்தைச் செய்திருக்க வேண்டும். ஒரு நொடி அவன் முகம் மாறியது. பிறகு படிக்கட்டில் நின்ற பையன்கள் பக்கம் திரும்பினான். "பாருங்கடா, அக்கா முதல் வரியெல்லாம் படிக்கிறாங்க" என்றான். அவர்கள் சிரித்தார்கள். "அக்கா, நீங்க சீட்டு அடுக்கி வெளையாடறதுக்கு அறுபத்தி நாலே ஜாஸ்தி. வீட்டுக்குப் போங்க, சீரியல் ஆரம்பிச்சிருக்கும்."

"சரி" என்றாள் அவள்.

அந்தச் 'சரி' எனக்குத் தெரியும். வெளியே வந்தவள் உடனே நடக்கவில்லை. மேலே மாட்டியிருந்த போர்டைப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை கேப்டனை ஜெயித்தால் கடையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரு மணி நேரம் இலவசம் என்று எழுதியிருந்தது. தெரு பல்பு வெளிச்சத்தில் அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

அவனை அவன் கடையிலேயே ஜெயிக்க வேண்டும். அதற்கு வீட்டில் பழக வேண்டும். பழகுவதற்கு அந்த மெஷின் உதவவில்லை. ஏற்கெனவே வயதான மெஷின். இப்போது கார்டும் பாதியாகிவிட்டதால் எதிரி ஓடிவரும்போது படம் விட்டுவிட்டு வந்தது. "கதவுகிட்ட பாக்கறேன். அடுத்த தடவ பாக்கறப்போ என் முன்னால நிக்கிறான். நடுவுல அவன் எங்க இருந்தான்னே தெரியல" என்றாள்.

கையில் சீட்டு எடுத்த பணம் கொஞ்சம் இருந்தது. முழுசாகப் புது மெஷின் வாங்க அது போதாது. தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ப்ராசஸரை மாற்று என்றார் ஒருவர். உள்ளே இருக்கும் மதர்போர்டே பழசு, எல்லாவற்றையும் தலைமுழுகு என்றார் இன்னொருவர். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. மத்தியான சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் மட்டும் பேசினாள். எனக்கு ஒன்றும் புரியாது என்பதுதான் அவளுக்கு வசதி.

"காய்ச்சல்னு ஒருத்தன் வந்தா முதல்ல ரத்தத்தப் பாக்கறோம். யாராவது முதல்லயே மாத்திரை வாங்குவாங்களா? இதுவும் அப்படித்தான். திரையில படத்த சின்னதாக்கி ஆடிப் பாத்தேன். வேகமா ஓடுது. அப்ப ப்ராசஸர் நல்லாத்தான் இருக்கு. பெரிய படத்த வரைய முடியாம கார்டுதான் திணறுது. அப்பறம், படம் நிக்கிறப்போல்லாம் முன்னாடி இருக்கிற சின்ன லைட்டு விடாம மினுக்குது. ஹார்ட் டிஸ்க்ல போய்ப் போய்த் தேடுது. மெமரி பத்தல."

"அப்ப ரெண்டும் வாங்கிடு."

"வாங்குனா கரண்ட் பத்தாது. பவர் சப்ளை ரொம்ப மட்டம். நல்ல கார்டப் போட்டா ஆட்டத்து நடுவுல அணைஞ்சிடும்." தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு யோசித்தாள். "என் போர்டுல இருக்கிற மாதிரி சொருகற கார்டு இப்ப புதுசா வர்றது கொறஞ்சுபோச்சு. வந்தாலும் வெல ஜாஸ்தி. நாளைக்குப் புது போர்டு வாங்குனா அதுல போடவும் முடியாது. ஆனா எல்லாரும் புது மாதிரிக்கு மாறிகிட்டு இருக்காங்க. மாறறவங்க பழச வித்துத்தான ஆகணும்? செகண்ட்ஹேண்ட்ல கிடைக்கும்."

"பழசுல போய் எதுக்குடி காசப் போடற? இன்னும் ரெண்டு வருஷத்துல ஒண்ணுக்கும் ஆகாதுன்னு நீயே சொல்ற."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இது எனக்குப் பத்து வருஷம் ஓட வேணாம். அவன் இருக்கிற வரைக்கும் ஓடுனா போதும்."

நான் டிபன் பாக்ஸை மூடினேன். ஆனாலும் அடுத்த வாரம் சென்னைக்கு அவளோடு நான்தான் போனேன்.

கார்டை வாங்கி வந்து மெஷினில் போட்டுப் பார்ப்பதுதான் மற்றவர்கள் வழக்கம். அவள் மெஷினையே கொண்டுபோனாள். பெட்டியைப் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா அது, டிவியா?" என்றார் கண்டக்டர்.

"கம்ப்யூட்டரு."

"லக்கேஜ் போடணும்."

"மடியில இருக்கிறதுக்குப் போடுவீங்களா? அப்ப அந்தம்மா மடியில இருக்கிற புள்ளைக்கும் போடுங்க."

கண்டக்டர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார். அவருக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் வெயில். சந்துக்குள் ஒரு செகண்ட்ஹேண்ட் கடையில் மூட்டையை அவிழ்த்தாள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து, "போர்டே பழசு மேடம், மாத்திடுங்க" என்றார். "நான் போர்டக் கேக்கல" என்றாள். மெமரியும் பவர் சப்ளையும் முதலில் போடச் சொன்னாள். அப்புறம் அவர் எடுத்துக் கொடுத்த கார்டைப் போட்டுத் தன் கேமையே ஓட்டி, நின்றபடியே ஆடினாள். கடைக்காரர் இரண்டு தடவை "போதும் மேடம், நல்லாத்தான் ஓடுது" என்றார். அவள் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் பச்சைப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. "சூடானா புள்ளி விழுது. வேற குடுங்க" என்றாள். இரண்டாவது கார்டு தாங்கியது. அதற்குள் பக்கத்துக் கடை ஆட்கள் பின்னால் கூடியிருந்தார்கள். புடவை கட்டின ஒருத்தி திரையில் வருகிறவனையெல்லாம் சுட்டு வீழ்த்துவதை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மானிட்டரை மட்டும் அவள் மாற்றவில்லை. தட்டையான புது மானிட்டர் வாங்கு என்று எல்லோரும் சொன்னபோது, வேகமான ஆட்டத்துக்கு இந்தக் கனத்த பழசுதான் நல்லது என்றாள். மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு நல்ல மவுஸ் வாங்கினாள்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குப் போனாள். தோற்றாள். "நல்லா ஆடற தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வாரமும் தோற்றாள். அவன் எந்தப் பக்கம் திரும்புவான், பயந்தால் எங்கே ஒளிவான் என்று பார்க்கத்தான் போகிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கோடை தொடங்கும்போது ஜெயித்தாள். அன்று நான் இருந்தேன். கேப்டன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னைக்கு உங்க நாளுக்கா" என்று சிரித்தான். பையன்கள் கூத்தாடினார்கள். எல்லோருக்கும் ஒரு மணி நேரம் இலவசம்.

அடுத்த ஞாயிறும் ஜெயித்தாள். அதற்கடுத்ததும். பையன்கள் மற்ற நாட்களில் வருவதை நிறுத்திவிட்டு ஞாயிறு மட்டும் வந்து, அவள் ஸ்கூட்டி சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். "கேப்டன், அக்கா வந்துட்டாங்க" என்று மேலிருந்து குரல் வரும். அவன் அசடு வழியச் சிரிப்பான். வாசலில் மாட்டிய அந்த இலவச போர்டைக் கழற்றினால் பயந்துவிட்டான் என்பார்கள். கழற்றாவிட்டால் காசு வராது. கடைசியில் கழற்றினான். பையன்கள் கேலி செய்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். அவள் அதற்கப்புறமும் போனாள். காசு கொடுத்து ஆடினாள். காலியான அறையில் அவனை ஜெயித்துவிட்டு வந்தாள்.

மேலே இருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பிராட்பேண்ட் வீட்டுக்கு வீடு வர ஆரம்பித்திருந்த காலம் அது. முதலியார்பேட்டையில் மட்டுமல்ல, உழவர்கரைப் பக்கமும் இந்த மாதிரிக் கடைகள் மூடிக்கொண்டுதான் இருந்தன. அதை மட்டும் நான் அவளிடம் சொன்னதில்லை. அவன் கடையைச் சாய்த்தது தான்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவனே அவளுக்குப் போன் செய்தான். கடையை மூடுகிறான். இருப்பதிலேயே நல்ல மெஷின் ஒன்றை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறான். "உங்களுக்குத்தான் தரணும்க்கா. முடிஞ்சதக் குடுங்க." அவள் என்னை வரச் சொன்னாள். "அவன் அத மாடிப்படி ஏத்தறத நீயும் பாக்கணும்" என்றாள். நானும் ஆசையாகத்தான் போனேன்.

மத்தியான வெயிலில் பெட்டியைத் தோளில் வைத்து அவன் மேலே ஏறி வந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. இளைத்திருந்தான். அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவனாகவே பேசினான்.

"கடை போறது கூடப் பெருசாத் தெரியலக்கா. ஞாயித்துக்கிழமை உங்ககூட ஆட முடியாதேன்னுதான் இருக்கு. பசங்கல்லாம் போனப்பறமும் நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க. எங்க வீட்ல கூட சொல்லுவேன், அந்தக்கா என்னை விட்டுக்குடுக்கல பாருன்னு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ரத்தம் இல்லை.

"நான் எதுக்கு வந்தேன்னு நெனச்ச, தம்பி?"

"எதுக்குன்னா... ஆடறதுக்குத்தானக்கா."

"என் கார்டுக்கு வந்தேன்."

"எந்த கார்டுக்கா?"

அவள் சொன்னாள். இடி விழுந்தது, மூன்றாம் நாள் மெஷின் வந்தது, முதல் வரி, படிக்கட்டில் நின்று சிரித்த பையன்கள், சீரியல் பார்க்கச் சொன்னது. ஒரு வார்த்தை விடாமல், குரல் ஏறாமல் சொன்னாள். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். நடிக்கவில்லை. தேடிப் பார்க்கிறான், கிடைக்கவில்லை, அது நன்றாகத் தெரிந்தது.

"இருக்கும்க்கா" என்றான் கடைசியில். "அப்பாவுக்கு மில்லு மூடி கஷ்டமா இருந்த நேரம் அது. வர்ற மெஷின்லல்லாம் எதையாவது மாத்திகிட்டுதான் இருந்தேன். உங்களுதும் எடுத்திருப்பேன். சத்தியமா ஞாபகம் இல்ல. மன்னிச்சுக்குங்கக்கா."

நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். அவன் கடை போய்விட்டது, தப்பை ஒத்துக்கொண்டான், மன்னிப்பும் கேட்டுவிட்டான். ஆனால் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு மெல்லத்தான் உறைத்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் தான் எதற்காக அடிவாங்குகிறோம் என்றே தெரியாமல் அவன் அடிவாங்கியிருக்கிறான். அவள் தண்டனை என்று கொடுத்ததை அவன் சிநேகிதம் என்று வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அவள் எழுந்தாள். அவன் கொண்டுவந்த பெட்டியை மேசையில் தூக்கி வைத்து வயர்களைச் சொருகினாள். தன் பழைய மெஷினையும் அதையும் ஒரு கேபிளால் இணைத்தாள். பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இரவல் வாங்கி வந்தாள்.  

"நீ உன் மெஷின்ல உக்காரு" என்றாள். "இப்ப தெரிஞ்சுகிட்டு ஆடு."

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவன் போய் உட்கார்ந்தான்.

இடிந்த ஊர் ஒன்றில் ஆளுக்கொரு மூலையிலிருந்து ஆட்டம் தொடங்கியது. அவள் சுவரோரமாகப் போனாள். அவன் தெருவின் நடுவில் வந்து நின்றான். ஒளியவில்லை. துப்பாக்கியைக் கீழே தாழ்த்தியிருந்தான். அவள் சுட்டாள், விழுந்தான். மறுபடி உயிர் வந்தது. மறுபடியும் நடு வீதிக்கு வந்து நின்றான். அவள் சுட்டாள்.

"ஒழுங்கா ஆடு" என்றாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ஆடறேன்க்கா" என்றான். ஆனால் அவன் கை மவுஸின் மேல் சும்மா இருந்தது.

"போதும் விடுடி" என்று நான் சொன்னேன். அவளிடம் அந்த மாதிரி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவன் எழுந்து எழுந்து வந்து நின்றுகொண்டே இருந்தான். திரையின் மூலையில் ஓடிய கடிகாரத்தில் இன்னும் நிறைய நேரம் மீதி இருந்தது. அவள் அதை முழுக்க ஆடினாள்.